புதுப்பிப்பு: மேரி ரோலண்ட்சன் நூல், வரைபடம்தான் கைகொடுத்தது

உதவிய எல்லாருக்கும் நன்றி. தொடக்ககால அமெரிக்க இலக்கியத் தாளுக்காக, பூர்வகுடி அமெரிக்கர்களிடம் சிறைப்பட்டு அவர்களோடு இடம் இடமாகப் போன அனுபவத்தை மேரி ரோலண்ட்சன் எழுதி 1682-இல் வெளிவந்த நூலைப் படிக்கையில், எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்றே பிடிபடவில்லை எனக் கேட்டிருந்தேன்.

அவர் சொல்லும் 20 இடப்பெயர்ச்சிகளையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டே படிக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. அவர் பிடிபட்ட, மாசசூசெட்ஸின் லங்காஸ்டரில் தொடங்கி, கனெக்டிகட் ஆற்றைக் கடந்து, மறுபடி வாச்சூசெட் மலைப் பக்கம் திரும்பும் பாதை கண்முன் வந்துவிட்டது. அப்புறம் பசியும் குளிரும் பக்கத்துக்குப் பக்கம் அவரை எப்படி மாற்றுகின்றன என்பதும் தெரிந்தது.

பைபிள் வசனங்களைத் தாண்டிவிடலாம் என்ற யோசனை எனக்குச் சரிவரவில்லை. ஆறு வயது மகள் இறந்த பிறகு அவர் பிடித்து நிற்பதே அவற்றைத்தான்.

எதிர்பாராத சிக்கல் ஒன்று: லங்காஸ்டர் மீது தாக்குதல் நடந்தது பிப்ரவரி 1675 என்கிறது நூல், எங்கள் பாடக்குறிப்பு 1676 என்கிறது. இரண்டும் சரிதான். அன்றைய ஆங்கிலேயர் கணக்கில் புத்தாண்டு மார்ச் 25-இல்தான் பிறக்கும். தேர்வில் எழுதும்போது 1676 என்றே போடுங்கள்.

பூர்வகுடித் தலைவர் மெட்டகாம் (நூலில் 'பிலிப்') கேட்டு, ஒரு பையனுக்குச் சட்டை தைத்துக் கொடுத்து அவர் ஒரு ஷில்லிங் பெறும் இடத்தை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். என் கட்டுரையே அங்கிருந்துதான் கிளம்பியது.