அப்பாவின் கிட்னியில் 3 செ.மீ. கட்டி: ஆப்பரேஷன் இல்லாமல் வழி உண்டா?

சிப்புட்_மகள்:
அப்பாவுக்கு 72 வயது. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், இனிப்புநீர் உண்டு. வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது இடது கிட்னியில் கட்டி தெரிந்தது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் சி.டி. எடுத்த டாக்டர், புற்றாக இருக்கலாம், கிட்னியை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் வெட்டி எடுக்கலாம் என்கிறார். அப்பாவோ, "இத்தனை வருஷம் மரத்துல கத்தி வெச்சேன், இப்ப என் மேலயா?" என்று சிரித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார். தோட்ட லயத்து வீடுகளில் ஆளுக்கொரு கஷாயம் சொல்கிறார்கள். கீமோ கொடுத்தால் போதாதா?

ஓய்வுபெற்ற_மிசி:
தங்கச்சி, முதலில் அந்தக் கஷாயத்தை நிறுத்துங்கள். இனிப்புநீர்க்காரரின் கிட்னிக்கு ஏற்கெனவே சுமை அதிகம். அதில் என்ன வேர் கிடக்கிறதென்று விற்பவனுக்கே தெரியாது.

வழக்கமான கீமோவுக்கு இந்தப் புற்று மசியாது. பரவிய நோய்க்குத்தான் பெரும்பாலும் சுனிட்டினிப் மாதிரி மாத்திரையும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரப்பியும். 4 செ.மீ.க்குள் இருந்து, வெளியே பரவவில்லை என்றால் பேச்சே வேறு. டாக்டர் சொன்ன ஆப்பரேஷன்தான் முதல் தேர்வு. பல இடங்களில் சின்னத் துளை போட்டே செய்கிறார்கள். உடம்பு தாங்காது என்றால், தோல் வழியாக ஊசி விட்டுக் கட்டியை உறையவைத்தோ சூடேற்றியோ அழிக்கலாம். திரும்ப வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், ஆனால் மறுபடியும் செய்யலாம். கட்டி பெரிய ரத்தக்குழாயை ஒட்டியிருந்தால் சரிப்படாது.

உடனே எதுவும் செய்யாமல், ஸ்கேன் எடுத்துக் கவனித்து வருவதும் சிகிச்சைதான். இந்த அளவுக் கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புற்றே இல்லை. புற்றானாலும் பல கட்டிகள் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். அதனால் பயாப்சி, அதாவது கட்டியிலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பது, செய்யலாமா என்று கேளுங்கள். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்றும் கேளுங்கள், அதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

கோலகங்சார்_மருமகன்:
என் மாமியாருக்கு ஊசிதான், உறையவைத்தார்கள். மறுநாளே வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தார், திட்டினாலும் கேட்கவில்லை. தனியாரில் செய்வதானால் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தைப் பெற்றோரின் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு எடுக்கலாம், விசாரித்துப் பாருங்கள்.

சிப்புட்_மகள்:
நன்றி அக்கா, அண்ணே. ஊசி என்றதும் அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். இதயத்துக்கு ஆஸ்பிரின் போடுகிறார், பயாப்சிக்கு முன்னால் நிறுத்தணுமா?

ஓய்வுபெற்ற_மிசி:
நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரைப் பை முழுவதையும் எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள், எப்போது நிறுத்துவதென்று அவர் சொல்வார். அந்தக் கஷாயப் பாட்டிலையும் மறைக்காமல் கொண்டுபோங்கள்.