குழந்தைகள் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் நூலகருக்குப் பயிற்சி எங்கே கிடைக்கும்?

கேள்வி:
கிளை நூலகத்தில் வேலை செய்கிறேன். நூலக அறிவியல் படித்தபோது புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்கப் பகுப்பெண் போடக் கற்றேன். ஐந்து வயதுப் பிள்ளையைக் கதைக்குள் இழுப்பது எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லை. போன சனிக்கிழமை கதை கேட்கப் பதினோரு பேர் வந்தார்கள். மூன்றாம் பக்கத்திலேயே பாதிப் பேர் கேரம் போர்டுக்குப் போய்விட்டார்கள். மனசு கேட்கவில்லை. வேலையை விடாமல் படிக்க வழி உண்டா?

பதில் 1:
டாடா அறக்கட்டளையின் சிறார் இலக்கியப் பிரிவான பராக் நடத்தும் 'லைப்ரரி எஜுகேட்டர்ஸ் கோர்ஸ்' பாருங்கள். ஆங்கிலத்திலும் இந்தியிலும் நடத்துகிறார்கள். சில நாள் நேரடி வகுப்பு, மீதி வேலையில் இருந்தபடியே. முடிந்தால் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதியில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். 2023-ல் திறந்தது. பிள்ளைகள் எந்த அலமாரிக்கு முதலில் போகிறார்கள் என்று கவனித்தாலே நிறைய புரியும்.

பதில் 2:
சான்றிதழ் அப்புறம் வரட்டும். புத்தகத்தை உங்கள் பக்கம் திருப்பியா படித்தீர்கள்? படம் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். புத்தகத்தைத் தோளோரம் பிடித்துக்கொண்டு, பக்கம் திருப்பும் முன் கொஞ்சம் நிறுத்துங்கள். முந்தின நாள் வீட்டில் நாலு தடவை சத்தமாகப் படித்துப் பாருங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம், அச்செடுத்தும் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்:
ஆமாம் அக்கா, என் பக்கம்தான் திருப்பி வைத்திருந்தேன். இந்தச் சனிக்கிழமை மாற்றிப் பார்க்கிறேன். பராக்குக்கும் இன்றே எழுதுகிறேன்.