அசெம்பிளிக்கு ஏற்பச் சுருங்கும் ஸ்பிரிங்: வரைந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஹட்டனிலிருந்து

தேயிலை ஸ்டோர் (தொழிற்சாலை) இயந்திரங்களைத் திருத்தும் பட்டறையில் வரைபட வேலை எனக்கு. அண்மையில் கொழுந்தை உருட்டும் ரோலர் ஒன்றின் மேல்மூடியை சாலிட்வொர்க்ஸ் என்ற வரைபட மென்பொருளில் முழுதாக வரைய வேண்டி வந்தது. கொழுந்தை அமுக்கும் மூடிக்கும் அதை இறக்கும் திருகுக்கும் நடுவில் நான்கு ஸ்பிரிங்குகள். கம்பி 6 மி.மீ., சுருளின் நடுவிட்டம் 40 மி.மீ., வேலை செய்யும் சுற்று 8, முனைக்கு ஒன்றாகப் படுத்துக்கிடக்கும் சுற்று 2. சும்மா கிடக்கும்போது 120 மி.மீ. நீளம். பூட்டியதும் 110, மூடி நன்றாக இறங்கினால் 85.

ஒரே நீளத்தில் வரைந்து வைத்தால் மூடியை இறக்கும்போது ஸ்பிரிங் அதன் மேலும் கீழும் உள்ள தகட்டுக்குள் புகுந்துகொண்டு நிற்கும். எனவே நீளத்தை அசெம்பிளியிலிருந்தே, அதாவது பாகங்களை எல்லாம் பூட்டிக்காட்டும் கோப்பிலிருந்தே, எடுக்க வைத்தேன். மேல் தகட்டுக்கும் கீழ்த் தகட்டுக்கும் இடையே ஒரு நேர்கோடு. அதைப் பாதையாக வைத்து ஒரு சிறு கோட்டை முறுக்கியபடி ஸ்வீப் செய்தால் (பாதை நெடுக இழுத்தால்) திருகுப் படிபோல ஒரு மேற்பரப்பு கிடைக்கும். அதன் வெளி விளிம்பில் 6 மி.மீ. வட்டத்தை ஓடவிட்டால் ஸ்பிரிங். சுற்று எண்ணிக்கை மாறாது, கோட்டின் நீளம் மட்டும் மாறும். மூடியை நகர்த்தி ரீபில்ட் கொடுத்ததும் ஸ்பிரிங் பின்னாலேயே வரும்.

இதில் ஒன்றை விடாமல் கவனிக்க வேண்டும். தகடுகளை ஸ்பிரிங்கின் முனையோடு மேட் செய்யவே (பொருத்திக் கட்டவே) கூடாது. ஸ்பிரிங் தகட்டைப் பார்த்து நீளத்தை எடுக்க, தகடு ஸ்பிரிங்கைப் பார்த்து இடத்தை எடுக்க, மென்பொருள் இரண்டுக்கும் நடுவில் சுற்றிச் சுற்றி வரும். தகடுகளின் இடத்தைத் திருகோ ஒரு தூர மேட்டோ தீர்மானிக்கட்டும்.

2020 பதிப்பிலிருந்து ஒரு பாகத்தையே 'நெகிழும் பாகம்' ஆக்கும் வசதி வந்துவிட்டது. மூலக் கோப்பு 120இலேயே இருக்கும், அசெம்பிளிக்குள் மட்டும் சுருங்கும். ஒரே ஸ்பிரிங் இரண்டு இடங்களில் இரண்டு நீளத்தில் வேண்டுமென்றால் இது வசதியான வழி. மற்ற மென்பொருட்களில் செய்தவர்கள் எழுதுங்கள்.

பண்டாரவளையிலிருந்து

நான் வரைபவன் இல்லை தம்பி, ஸ்பிரிங் சுருட்டுபவன். கம்ப்யூட்டர் வரைபடம் வரத் தொடங்கிய பிறகு எனக்கு ஒரு புதுத் தலைவலி. அசெம்பிளியில் அமுங்கி நிற்கிற நீளத்தையே சிலர் அச்சடித்து அனுப்பிவிடுகிறார்கள். 110 என்று போட்டிருந்தால் நான் 110க்குத்தான் சுருட்டுவேன். அதைக் கொண்டுபோய் 110 இடைவெளியில் பூட்டினால் ஸ்பிரிங் சும்மா உட்கார்ந்திருக்கும், ஒரு கிலோகூட அமுக்காது. அப்புறம் "பாஸ், கம்பி மட்டம்" என்று என்னிடமே வருவார்கள்.

எனக்கு வேண்டியது கம்பித் தடிப்பு, வெளிவிட்டம், மொத்தச் சுற்று, வலப்பக்கச் சுருளா இடப்பக்கச் சுருளா, முனையைத் தட்டையாகத் தீட்டவா வேண்டாமா, அமுக்காத நீளம். படம் அழகாக இருக்க வேண்டும் என்றில்லை. இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் கம்பியை வெட்டுமுன் போன் போட்டுவிடுகிறேன்.

நுவரெலியாவிலிருந்து

நான் படிப்பது ஃப்ரீகேட் என்ற இலவச மென்பொருளில்தான், லைசன்ஸுக்குக் காசில்லை. 0.19 பதிப்பில் வந்த ஹீலிக்ஸ் (திருகுச் சுருள்) கருவியில் புரியிடையையும், அதாவது ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரத்தையும், உயரத்தையும் சூத்திரமாகக் கொடுக்கலாம். ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் 'இடைவெளி' என்று ஒரு கட்டம் வைத்தேன். தகடும் அதைப் படிக்கிறது, ஸ்பிரிங்கும் அதையே படிக்கிறது. தகட்டின் இடத்தை நேரடியாக ஸ்பிரிங்குக்குள் இழுத்துவர முயன்றபோது சார்பு வளையம் என்று சிவப்பில் கத்தியது. ஹட்டன் அண்ணா சொன்ன அதே சங்கதி.

புரியிடைக்குச் சூத்திரம்: இடைவெளியிலிருந்து கம்பித் தடிப்பின் இரு மடங்கைக் கழித்து, வேலை செய்யும் சுற்றால் வகுக்க வேண்டும். அண்ணாவின் எண்களைப் போட்டால் 120க்கு 13.5, 85க்கு 9.125. முனைச் சுற்றுகளைத் தனியாக வரைந்து புரியிடையை 6இலேயே வைத்தேன். அவை நிஜத்தில் விரியாதவை, படத்தில் மட்டும் ஏன் விரிய வேண்டும்?

பதுளையிலிருந்து

இன்வென்டர் மென்பொருளில் இதற்கு 'அடாப்டிவ்' என்று பெயர். வசதியானது, ஆனால் ஒரு அசெம்பிளியில் அந்தப் பாகத்தின் ஒரு பிரதிதான் வடிவத்தைத் தீர்மானிக்கும், மற்றவை அதையே பின்பற்றும். நான்கு ஸ்பிரிங்கும் ஒரே அளவு அமுங்கும் ரோலர் மூடிக்குப் பிரச்சினை இல்லை. மூடி ஒரு பக்கம் சாய்வதைக் காட்ட வேண்டுமென்றால் சிக்கல். கிரியோ என்ற மென்பொருளில் வேலை செய்த காலத்தில் எது நெகிழலாம் என்று பாகத்திலேயே குறித்துவிட்டு, பூட்டும்போது இரண்டு முகங்களுக்கு இடையிலான தூரத்தை அளந்து கொடுப்போம். எனக்கு அந்த முறைதான் பிடித்தது, மூலப் பாகத்தைத் தொட வேண்டியதே இல்லை.

புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஹீலிக்ஸ் என்றால் என்ன என்று கேட்டால் தெமோதரையைக் காட்டுவேன். ரயில் பாதை ஒரு சுற்றுச் சுற்றி, ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தால் போகிறது. ஒற்றைச் சுற்று ஸ்பிரிங்!

ஒரு எச்சரிக்கை: பெரிய அசெம்பிளியில் இருபது முப்பது ஸ்பிரிங்குகள் நெகிழத் தொடங்கினால் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். அன்றாட வேலைக்கு வெறும் குழாய் ஒன்றை வைத்துவிட்டு, படம் எடுக்கும்போது மட்டும் சுருளைத் திறக்கிறேன்.

மீண்டும் ஹட்டனிலிருந்து

பண்டாரவளை அண்ணா, இனி வரைபடத்தில் அமுக்காத நீளமே போகும், மூலக் கோப்பிலிருந்துதான் அச்செடுக்கிறோம்.

இன்னும் இரண்டு விஷயம். முதலாவது, இடைவெளியை 50 என்று கொடுத்தாலும் மென்பொருள் மறுபேச்சில்லாமல் வரைந்து தரும், சுற்றுகள் ஒன்றுக்குள் ஒன்று ஏறிக்கிடக்கும். 6 மி.மீ. கம்பியில் பத்துச் சுற்று என்றால் 60க்குக் கீழே இரும்பில் இடமே கிடையாது. அதனால் தூர மேட்டுக்குக் கீழ் எல்லையாக 66 வைத்திருக்கிறேன். எவ்வளவு அமுக்கும் என்பதையும் இந்த உருவம் சொல்லாது, கையால்தான் கணக்குப் போட வேண்டும். எஃகின் வெட்டுக் குணகத்தை (முறுக்கலை எதிர்க்கும் விறைப்பை) 79,300 மெகாபாஸ்கல் என்று எடுத்தால் மி.மீட்டருக்கு ஏறக்குறைய 25 நியூட்டன் வருகிறது. 85க்கு இறங்கும்போது ஒரு ஸ்பிரிங்குக்கு 875 நியூட்டன், நான்குக்கும் 3,500.

இரண்டாவது, கம்பியின் நீளம் மாறாது, ஆகவே அமுங்கும்போது சுருள் கொஞ்சம் அகலும். இந்த ஸ்பிரிங்கில் முழுதாக அமுங்கினால் விட்டம் 0.2 மி.மீ. அளவு கூடும். நாம் வரையும் மாடலில் விட்டம் அப்படியே நிற்கிறது. ஸ்பிரிங் உட்காரும் குழிக்கு வெளிவிட்டம் 46ஐ மட்டும் பார்த்து அளவு போடாதீர்கள், தேயிலைத் தூளும் அதற்குள்தான் போய் அடைகிறது. நாங்கள் 48 துளைத்தோம்.