அக்கா அனுப்பின எலெக்ட்ரிக் போர்வை ஓடல, அவசரம்

குளிர்_குன்னூர்:
அமெரிக்காவுல வாங்கினது. அடாப்டர் மாட்டி ஆன் பண்ணேன், ரிமோட்ல லைட் ஒரு தடவை எரிஞ்சு அணைஞ்சுடுச்சு. அதே அடாப்டர்ல அமெரிக்க போன் சார்ஜர் நல்லா ஏறுது, அதனால அடாப்டர் சரிதான். ஃபியூஸ் மாத்தினா போதுமா? அம்மாவுக்கு இன்னிக்கு ராத்திரியே வேணும்.

கேத்தி_ஒயர்மேன்:
இன்புட் என்ன போட்டிருக்கு? ரிமோட் முதுகுல இருக்கும், இல்லனா போர்வை மூலையில துணிப்பட்டியா தைச்சிருக்கும். வாட்ஸும் சொல்லுங்க.

தொட்டபெட்டா55:
சாயங்காலம் ஊரே கீசர் போடுற நேரம். லோ வோல்டேஜ்தான். ஸ்டெபிலைசர் வைங்க.

பழைய_மீட்டர்:
மாசம் ஒருத்தர் இதே கேள்வியோட வர்றீங்க. அடாப்டர் பின்னோட வடிவத்தை மாத்தும், வோல்டேஜை மாத்தாது. லேபிளைப் படிக்க என்ன கஷ்டம்?

குளிர்_குன்னூர்:
120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 180 வாட்ஸ். தீய்ஞ்ச வாடை லேசா வருது.

கேத்தி_ஒயர்மேன்:
அப்ப லோ வோல்டேஜ் இல்ல, நேர் எதிர். 180 வாட்ஸ்னா கம்பியோட ரெசிஸ்டன்ஸ் 80 ஓம். நம்ம 230 வோல்ட்ல அது 660 வாட்ஸ் இழுக்கும், மூணரை மடங்குக்கும் மேல. ரிமோட் போர்டுல இருக்கிற எம்.ஓ.வி. (வோல்டேஜ் எகிறினா தடுக்கிற பாகம்) ஷார்ட்டாகி ஃபியூஸைக் கொண்டு போயிருக்கும். அது போனது நல்லதுக்குத்தான். புது ஃபியூஸ் போட்டாலும் உடனே போகும். ஃபியூஸுக்குப் பதிலா கம்பியைச் சுத்தினா படுக்கையில நெருப்பு. சார்ஜர்ல 100-240னு போட்டிருக்கும், அதான் பிழைச்சது.

தொட்டபெட்டா55:
சரி, வோல்டேஜைக் குறைக்கிற 110 வோல்ட் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வெச்சா?

கேத்தி_ஒயர்மேன்:
புதுப் போர்வைக்கு 300 வி.ஏ. திறன் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும். உள்ளங்கை அளவுல '1600 வாட்ஸ்'னு விக்கிற கன்வெர்ட்டர் வேண்டாம், அது அலையை வெட்டித் தர்றது, எலெக்ட்ரானிக் கன்ட்ரோலுக்கு ஆகாது. இந்தப் போர்வையை விட்டுடுங்க. உள்ளே கம்பி உறை இளகியிருந்தா பிரிக்காம தெரியாது.

பழைய_மீட்டர்:
டிரான்ஸ்ஃபார்மர்னு மொட்டையா சொன்னா கடையில ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரைக் கட்டி விட்ருவான், அதாவது உள்ளே வர்றதுக்கும் வெளியே போறதுக்கும் ஒரே கம்பிச் சுத்து. அதுல பொதுச் சுத்து அறுந்தா 230 நேரா போர்வைக்கு வரும். தனித்தனிச் சுத்து உள்ளதா கேட்டு வாங்கணும்.

தொட்டபெட்டா55:
ஸ்டெபிலைசருக்குள்ளயும் ஆட்டோதான் இருக்கு, யாருக்கு என்ன ஆச்சு?

பழைய_மீட்டர்:
அது 230 சாமானுக்கு 230 தர்றது. இது பாதியாக் குறைக்கிறது. ரெண்டும் ஒண்ணா?

தொட்டபெட்டா55:
கேட்டா கோபம் வருது. சரி விடுங்க.

கொடை_கீழ்பூமி:
அண்ணே, சண்டை அப்புறம். 230 வோல்ட் போர்வை இங்கேயே கிடைக்குது. டிரான்ஸ்ஃபார்மர் செலவே மிச்சம்.

குளிர்_குன்னூர்:
ஃபியூஸ் மாத்தல. இப்போதைக்கு சுடுதண்ணிப் பை வாங்கியாச்சு. அதே பெட்டியில முடி சுருட்டுற அயர்ன் இருக்கு, பிடியில 125/250னு சின்ன திருகு. அப்படியே போடலாமா?

கேத்தி_ஒயர்மேன்:
போடாதீங்க! பிளக்கை மாட்டுறதுக்கு முன்னாடி காசு முனையால 250க்குத் திருப்புங்க, முழுசா திரும்புச்சான்னு பாருங்க. இப்ப எதுல இருக்கு?

கேத்தி_ஒயர்மேன்:
தம்பி, இருக்கீங்களா? 125ல மாட்டிடலையே?