போனில் இருந்த நெருக்கம் நேரில் வரவில்லை. எழுத்துக்கு (கலியாணப் பதிவுக்கு) முன் கேட்கிறேன்

வட்டக்கச்சி ரீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். கிளிநொச்சியில் வட்டக்கச்சி எங்கள் ஊர். துணுக்காய்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறேன். வயது 27. இதை வீட்டில் கேட்க முடியாது. கூடப் படிப்பிக்கிறவர்களிடம் கேட்டால் கதை ஊருக்குப் போய்விடும்.

அவர் முரசுமோட்டைக்காரர். கட்டாரில் ஏசி திருத்துகிற வேலை. எங்கள் பழக்கம் முழுக்க வட்ஸ்அப்பில்தான் வளர்ந்தது. எங்களுக்கு இரவு பத்தரை ஆகும்போது அங்கே எட்டு மணி. அறையில் மற்றவர்கள் இருப்பதால், சமைத்துச் சாப்பிட்டுவிட்டு மொட்டைமாடிக்கு ஏறி வந்து எடுப்பார். வகுப்பில் எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வந்தது, எந்தப் பிள்ளை முதன்முதலாகத் தன் பெயரைத் தானே எழுதியது, எல்லாம் அவருக்குத் தெரியும். அவரை மேற்பார்வையாளர் ஏசியதும், வெயிலில் கூரைத் தகடு சுட்டுக் கை கொப்பளித்ததும் எனக்குத் தெரியும். அந்த ஒரு மணித்தியாலத்தை நினைத்துத்தான் பகல் முழுக்க ஓடும்.

தை மாதம் லீவில் வந்தார். காலபோக அறுவடை நேரம். வீட்டுக்கு வந்து, அப்பாவோடு விறாந்தையில் இருந்து வெட்டுமெஷின் கூலி, நெல் விலை, சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எத்தனை ஏக்கருக்குக் கிடைக்கும் என்று கதைத்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். நெஞ்சு படபடக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் இல்லை. யாரோ ஒரு நல்ல மனிதர் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்ற மாதிரித்தான் இருந்தது. பிறகு ஒருநாள் கனகாம்பிகை அம்மன் கோயிலுக்குப் போய், அப்படியே குளக்கட்டிலும் இருந்தோம். அப்போதும் கதை வரவில்லை. அவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. அவர் சில கட்டை தூரத்தில் இருக்கும்போதே, நான் இரவில் அவருடைய பழைய குரல்பதிவுகளைப் போட்டுக் கேட்டுக்கொண்டு படுக்கிறேன்.

பங்குனியில் எழுத்தை முடிப்போம், கலியாணத்தை அடுத்த லீவில் செய்யலாம் என்று இரண்டு வீட்டாரும் சொல்கிறார்கள். அவரில் ஒரு குறையும் சொல்ல எனக்கு இல்லை. குடி இல்லை, கோபக்காரரும் இல்லை. நான் விரும்பியது இவரையா, அந்த இரவு நேரத்தையா? எப்படித் தெரிந்துகொள்வது?

ஓமந்தை அண்ணன்:

தங்கச்சி, நானும் சவூதியில் இருந்து திரும்பி வந்தவன். அவருடைய பக்கத்தைக் கொஞ்சம் சொல்கிறேன்.

அங்கே இருக்கும்போது ஒரு நாளில் எங்களுக்கென்று இருப்பது அந்த ஒரு மணித்தியாலம்தான். குளித்து, சாப்பிட்டு, களைப்பை இறக்கிவைத்துவிட்டுத்தான் போனை எடுப்போம். நீங்களும் அப்படித்தான் இருந்திருப்பீர்கள். இரண்டு பேரும் நாளின் நல்ல பகுதியை மட்டும் மற்றவருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். ஊருக்கு வந்தால் மிச்ச மணித்தியாலங்களும் சேர்ந்து வருகின்றன. கடன் கேட்பவர் வருகிறார், காணி வேலிப் பிரச்சினை வருகிறது, தாய் தகப்பன் திடீரென்று வயது போனவர்களாகத் தெரிகிறார்கள். வந்த புதிதில் நான் என் மனைவியோடுகூடச் சரியாகக் கதைக்கவில்லை. அவ மேல் விருப்பம் குறைந்ததாக நினைக்க வேண்டாம், தலைக்குள் இடம் இருக்கவில்லை.

மற்றது, அப்பாவுக்கு முன்னால் விறாந்தையில் இருந்து நெல் விலையைத் தவிர வேறு எதைக் கதைப்பது?

புதுக்குடியிருப்பு தையலக்கா:

தங்கச்சி, உங்களுக்கு எழுத்துக்கு முன்னால் வந்த கேள்வி எனக்குக் கலியாணம் முடிந்து பிள்ளையும் பிறந்த பிறகுதான் வந்தது.

எங்களுக்கு 2008இல் கலியாணம். ஏன் என்று வன்னியில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வெளியில் இருந்து வாசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். இளம் பிள்ளைகளைக் கட்டாயமாக இயக்கத்தில் (விடுதலைப் புலிகளில்) சேர்த்துக்கொண்டிருந்த போர்க்காலம். கலியாணம் முடித்தவர்களை விடுவார்கள் என்று நம்பி, படிக்கிற வயதிலேயே பெற்றோர் அவசரம் அவசரமாகக் கட்டிவைத்தார்கள். அவரை எனக்கு முதலே தெரியும். டியூசன் கொட்டிலில் பார்த்துச் சிரித்திருக்கிறோம், அவ்வளவுதான். பிறகு ஓட்டம். தேவிபுரம், மாத்தளன், முள்ளிவாய்க்கால். பதுங்குகுழிக்குள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தபோது, இவர் இல்லாவிட்டால் நானும் இல்லை என்றுதான் மனம் சொன்னது. அந்த நேரம் யாராவது இது காதலா என்று கேட்டிருந்தால், ஓம் என்று சத்தியம் பண்ணியிருப்பேன். செட்டிகுளம் முகாமில் தரப்பாளுக்குக் கீழே இருந்தபோதும் அப்படித்தான். அவர் தண்ணீர் வரிசைக்குப் போய் வரக் கொஞ்சம் பிந்தினாலும் எனக்கு மூச்சு முட்டும்.

மீள்குடியேறி வந்த பிறகு பார்த்தால் எறிகணைச் சத்தம் இல்லை, ஓட வேண்டியதும் இல்லை. தகரக் கொட்டிலுக்குள் இரவில் குப்பி விளக்கோடு எதிரெதிரே இருக்கிறோம், கதைக்க ஒன்றும் இல்லை. இவருக்கு என்ன கறி விருப்பம் என்றுகூட எனக்குத் தெரியாது. முகாமில் எல்லோருக்கும் ஒரே சோறு, ஒரே பருப்பு. பயம் போனபோது அதோடு சேர்ந்து எல்லாமே போய்விட்டது என்று நினைத்து, கிணற்றடியில் நின்று அழுதிருக்கிறேன்.

சிலருக்கு உண்மையாகவே அப்படித்தான் போனது. என்னோடு படித்த ஒருத்தி, அதே அவசரத்தில் முடித்தவள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்கும் அவருக்கும் நடுவில் பயத்தைத் தவிர வேறு எதுவும் இருக்கவில்லை. ஊர் அவளை நிறையக் கதைத்தது. அவள் செய்தது சரி என்றுதான் நான் இன்றும் சொல்வேன்.

எனக்குத் தெரியவந்தது ஒரு சின்ன விஷயத்தில். தையல் மெஷின் ஒன்று கிடைத்து, தைக்கத் தொடங்கியிருந்தேன். ஒரு கலியாண வீட்டுக்குச் சட்டை தைத்துக் கொடுத்து, முதல் காசு கையில் வந்தது. அம்மா பக்கத்தில்தான் இருந்தா. அம்மாவுக்குக் காட்டவில்லை. அவர் வயலால் வரட்டும் என்று மெஷினுக்கு மேலேயே காசை வைத்துக்கொண்டு இருந்தேன். அவர் வந்து பார்த்துவிட்டு, “கழுத்து வெட்டுத்தான் சரிவரேல்லை எண்டு சொன்னனீர், பிறகு எப்பிடி எடுத்தனீர்?” என்று கேட்டார். காசு எவ்வளவு என்று கேட்கவே இல்லை. சோறு போடும்போது நான் எப்போதோ சொன்னதை அந்த மனிசன் மனதில் வைத்திருந்திருக்கிறார். அன்றைக்கு எனக்குப் படபடப்பு ஒன்றும் வரவில்லை. இவருக்குச் சொல்ல என்னிடம் இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்று தோன்றியது. விளக்கை நூர்த்த பிறகும் கதைத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு சண்டையும் வந்தது. முகாமில் நாங்கள் சண்டை பிடித்ததே இல்லை, அவரை இழந்துவிடுவேனோ என்ற பயத்தில் வாயே திறக்க மாட்டேன். அவர் நுண்கடன் எடுத்து லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெஷின்) வாங்கப் போகிறேன் என்றபோதுதான் முதன்முதலாகக் கத்தினேன். எங்கள் ஒழுங்கையில் அந்தக் கடனால் நகையும் நிம்மதியும் போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன். சில நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் அந்த நாட்களிலும் மெஷினுக்கு எண்ணெய் விடப்பட்டிருந்தது. நானும் அவர் சாப்பிட்டாரா என்று சட்டியைத் திறந்து பார்த்தேன். கோபம் உச்சியில் இருக்கும்போதும் அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று மனம் விரும்பியது. அதைத்தான் நான் நம்புகிறேன்.

ஆகவே நெஞ்சு அடிக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிடுங்கள். பஸ்ஸில் வரும்போது வகுப்பில் நடந்த ஒன்றை யாருக்குச் சொல்ல வேண்டும் என்று வாய் உன்னுகிறது? முரசுமோட்டையில் இருக்கிற இவருக்கா, வேறு யாருக்காவதா? நேரில் சொன்னால் அடுத்த கேள்வியைக் கேட்கிறாரா, தலையை மட்டும் ஆட்டுகிறாரா? அவர் பிழையாக ஒன்று செய்தால் முகத்துக்கு நேரே சொல்ல உங்களால் முடியுமா? ஒன்றாக ஏதாவது வேலை செய்துகொண்டு பாருங்கள். பெண் பார்க்க வந்த மாதிரி எதிரெதிரே இருந்தால் யாருக்கும் கதை வராது.

வவுனியா உளவளத்துணை:

அக்கா எழுதியதற்கு ஆய்வும் இருக்கிறது. 1974இல் டொனால்ட் டட்டனும் ஆர்தர் அரோனும் கனடாவில் கப்பிலானோ என்ற ஆற்றின் மேலே உள்ள, ஆடுகிற உயரமான தொங்குபாலத்தில் ஒரு சோதனை செய்தார்கள். அதைக் கடந்து வந்த ஆண்களிடம் ஒரு பெண் சில கேள்விகள் கேட்டுத் தன் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தார். உறுதியான, உயரம் குறைந்த பாலத்தில் வந்தவர்களைவிட, ஆடுகிற பாலத்தில் வந்தவர்கள்தான் பிறகு அந்தப் பெண்ணைக் கூடுதலாக அழைத்தார்கள். பயத்தில் அடித்த நெஞ்சை அவர்கள் ஈர்ப்பு என்று எடுத்துக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். எனக்கென்றால், தூரமும் காத்திருப்பும்கூட இதே வேலையைச் செய்வதாகத்தான் தெரிகிறது.

ரொபேர்ட் ஸ்டேர்ன்பேர்க் 1986இல் காதலை நெருக்கம், வேட்கை, பற்றுறுதி என்று மூன்றாகப் பிரித்தார். மூன்றும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. உங்களுக்கு நெருக்கம் முதலில் வந்துவிட்டது. வேட்கைக்கு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், அதற்கு இப்போதுதான் காலம் கிடைத்திருக்கிறது. அதற்குள் வீட்டார் பற்றுறுதியைக் கேட்கிறார்கள்.

அதனால் முக்கியமாகச் சொல்ல வருவது எழுத்தைப் பற்றி. தாலி பிறகுதானே என்று பலர் அதை ஒரு நிச்சயதார்த்தம் போலப் பார்க்கிறார்கள். சட்டப்படி அதுதான் கலியாணம். இலங்கையில் இரண்டு பேரும் சம்மதித்தால்கூட அதை மட்டும் வைத்து விவாகரத்து எடுக்க முடியாது. பிறன்மனை உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போனது, கலியாண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மையின்மை போன்ற காரணம் ஒன்றை மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். சந்தேகம் இருக்கும்போது பங்குனி என்ற திகதிக்காகக் கையெழுத்து வைக்க வேண்டாம். அவர் நல்லவர் என்றால் இந்தக் கேள்வியை அவரிடமே கேட்கலாம்.

வட்டக்கச்சி ரீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. தையலக்கா, நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சனிக்கிழமை அவர்கள் நெல் காயப்போட்டிருந்தார்கள், பரந்தன் முல்லைத்தீவு வீதிக் கரையில். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவருடைய அம்மா சிரித்தா, ஒன்றும் சொல்லவில்லை. காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு நடக்கும்போதுதான் அவர் வாய் திறந்தார். திரும்பக் கட்டாருக்குப் போக மனமில்லையாம். இங்கேயே ஏசி திருத்துகிற கடை போட யோசிக்கிறாராம். வந்த நாளில் இருந்து அதைத்தான் மனதில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்குச் சரியான கோபம் வந்தது. மொட்டைமாடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னவர் இதை மட்டும் ஏன் ஒளித்தார் என்று வீதியிலேயே கேட்டேன். போனில் சொன்னால் நான் என்ன நினைக்கிறேன் என்று முகத்தைப் பார்க்க முடியாது, அதுதான் நேரில் சொல்லக் காத்திருந்தேன் என்றார். நானும் எனக்குள் இருந்ததைச் சொன்னேன். அவருக்குக் கவலைதான். ஆனால் கோபிக்கவில்லை. தனக்கும் அந்த முதல் நாள் விறாந்தையில் நான் வேறு யாரோ போலத்தான் தெரிந்தேன் என்றார்.

இன்னும் எனக்கு முழுதாகத் தெளியவில்லை, அதை மறைக்கவும் விரும்பவில்லை. பங்குனியில் எழுத்து வேண்டாம் என்று அவரே வந்து அப்பாவிடம் கதைத்தார். அப்பாவுக்கு விருப்பமில்லை, அம்மா பரவாயில்லை என்று சொல்லிவிட்டா. வருகிற ஞாயிறு கடைக்குச் சாமான் விலை பார்க்க அவர் வவுனியாவுக்குப் போகிறார். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.