ஆச்சி பிள்ளைகள் குழு: ஞாயிறு இரவு ஜெபம்

டிசம்பர் 18, 2025, வியாழன்

ஜெபா: எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ஆச்சி இல்லாத முதல் கிறிஸ்துமஸ் இது. 25ஆம் தேதி அப்பா வாய் திறந்து பாடுவாரா என்றுகூடத் தெரியவில்லை. அதனால் ஞாயிறு 21 இரவு வீடியோ அழைப்பில் எல்லோரும் கூடி, ஆச்சியை நினைத்து ஒரு மணி நேரம் ஜெபிக்கலாமா? ஆண்டிலேயே மிக நீண்ட இரவு அது. சில நாடுகளில் திருச்சபைகள் துக்கத்தில் இருப்பவர்களுக்கென்றே அந்த நாளையொட்டி 'நீண்ட இரவு ஆராதனை' நடத்துகின்றன.

கிரேஸ் அத்தை: நல்ல யோசனை மகளே

டேனி அண்ணன்: நான் இருக்கிறேன்

ரூத் அக்கா: எத்தனை மணிக்கு? ஆஸ்திரேலியாவில் நாங்கள் உங்களைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறோம், மறந்துவிட வேண்டாம்

அப்பா: சரி

தாமஸ் சித்தப்பா: (பலமுறை பகிரப்பட்டது) விழித்தெழுங்கள் விசுவாசிகளே! டிசம்பர் 25 ரோமர்களின் சூரியக் கடவுள் பிறந்த நாள். கிறிஸ்து பிறந்த தேதி வேதத்தில் இல்லை. நீண்ட இரவு, குளிர்காலத் திருப்பம் என்பதெல்லாம் சூரிய வணக்கமே. அறியாதவர்களுக்கு அனுப்புங்கள்.

கிரேஸ் அத்தை: இன்றைக்கா தாமஸ்?

தாமஸ் சித்தப்பா: சத்தியத்துக்கு நாள் பார்க்க வேண்டுமா அக்கா

கிரேஸ் அத்தை: அம்மா இருந்தபோது ஐந்து கிறிஸ்துமஸ் வரவில்லை. இப்போதும் இப்படியா

எஸ்தர் சித்தி: மதினி, அவர் வராவிட்டாலும் நானும் பிள்ளைகளும் வந்தோம்

கிரேஸ் அத்தை: உன்னைச் சொல்லவில்லை எஸ்தர்

சாமுவேல் பெரியப்பா: தம்பி அனுப்பியதை இரண்டு முறை வாசித்தேன். கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாக வாசியுங்கள்.

சாமுவேல் பெரியப்பா: முதலில் சூரியன். பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் டிசம்பரில் வட பாதி சூரியனைவிட்டு விலகிச் சாய்கிறது. சூரியன் மகர ரேகைக்கு நேர் மேலே வந்து நிற்கும் நொடிதான் குளிர்காலக் கதிர்த்திருப்பம். இந்த ஆண்டு அது டிசம்பர் 21 உலக நேரப்படி பிற்பகல் 3.03. நமக்கு இரவு 8.33. லத்தீனில் இதற்கு 'சூரியன் நிற்றல்' என்றே பெயர், ஏனென்றால் அதையொட்டிய சில நாட்களில் நண்பகல் சூரியனின் உயரம் மாறுவதே கண்ணுக்குத் தெரியாது. பிறகு மெல்ல வடக்கே திரும்புகிறது. இது தேவன் வைத்த ஒழுங்கு தம்பி. ரோமர்கள் இதைக் கண்டுபிடிக்கவும் இல்லை, இது அவர்களுக்குச் சொந்தமும் இல்லை.

ரூத் அக்கா: அப்படியானால் இரவு 8.33-க்கே ஜெபத்தைத் தொடங்கலாமே மாமா. எனக்கு 22ஆம் தேதி அதிகாலை 2.03 ஆகிவிடும், பரவாயில்லை

கிரேஸ் அத்தை: பிள்ளைகளை எழுப்பாதே

ஜெபா: எட்டு மணி என்று நினைத்திருந்தேன்

சாமுவேல் பெரியப்பா: அடுத்தது தேதி. ரோம நாட்காட்டியில் டிசம்பர் 25தான் கதிர்த்திருப்ப நாள் என்று குறிக்கப்பட்டிருந்தது. ஆனால் அந்த நாட்காட்டியின் ஜூலியன் ஆண்டு உண்மையான ஆண்டைவிட ஏறக்குறைய 11 நிமிடம் நீளம். 128 ஆண்டுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் பிசகு சேர்ந்துகொண்டே போனது. 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி பத்து நாட்களை எடுத்துவிட்டார். அக்டோபர் 4-க்கு அடுத்த நாள் அக்டோபர் 15. நாட்காட்டியை 325-இல் திருச்சபைத் தலைவர்களின் நிசேயா சங்கம் கூடிய காலத்து நிலைக்குக் கொண்டுவந்தார்கள். அதனால்தான் இன்று கதிர்த்திருப்பம் 21 அல்லது 22-இலும் கிறிஸ்துமஸ் சில நாள் தள்ளியும் வருகின்றன.

டேனி அண்ணன்: இங்கே ரஷ்யத் திருச்சபையைச் சேர்ந்த ஒருவர் என்னோடு வேலை செய்கிறார். அவருக்கு ஜனவரி 7

சாமுவேல் பெரியப்பா: அதேதான். பழைய நாட்காட்டியின் டிசம்பர் 25 இன்று நமக்கு ஜனவரி 7. பதின்மூன்று நாள் இடைவெளி.

கிரேஸ் அத்தை: அண்ணா, சூரியக் கடவுள் என்கிறானே, அதற்கு என்ன பதில்

சாமுவேல் பெரியப்பா: வருகிறேன். ரோமப் பேரரசன் அவுரேலியன் 274-இல் வெல்லப்படாத சூரியனுக்குக் கோவில் கட்டினான், அது உண்மை. ஆனால் அந்தச் சூரியனின் பிறந்தநாள் டிசம்பர் 25 என்பதற்குக் கிடைக்கும் முதல் எழுத்துச் சான்று 354ஆம் ஆண்டு ரோம ஏடு. கிறிஸ்து பெத்லகேமில் பிறந்த நாள் டிசம்பர் 25 என்பதும் அதே ஏட்டில்தான் இருக்கிறது, அந்தப் பகுதி 336-ஐச் சேர்ந்தது என்கிறார்கள். ஒரே ஏட்டில் இரண்டும் இருக்கும்போது கிறிஸ்தவர்கள் சூரியனைக் கும்பிட்டவர்களைப் பார்த்து எழுதினார்கள் என்று அடித்துச் சொல்ல வழியில்லை.

சாமுவேல் பெரியப்பா: இன்னொரு கணக்கும் உண்டு. ஆண்டவர் சிலுவையில் மரித்தது மார்ச் 25 என்று மேற்கே பலர் நம்பினார்கள். அவர் கருவில் உருவானதும் அதே நாள் என்றார்கள். மார்ச் 25-இலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25. பழங்காலத் திருச்சபை அறிஞர் அகுஸ்தீன் இதை எழுதியே வைத்திருக்கிறார். தேதி தெரியாது என்று நீ சொல்வது சரி தாமஸ். வேதத்தில் தேதி இல்லை. ஆனால் அந்த நாளைத் தேடியவர்கள் சூரியனைக் கும்பிடத் தேடவில்லை.

தாமஸ் சித்தப்பா: கலாத்தியர் 4:10. நாட்களையும் மாதங்களையும் பார்க்கிறீர்களே என்று பவுல் கண்டிக்கிறார்

எஸ்தர் சித்தி: ரோமர் 14:5-உம் இருக்கிறது. ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், வேறொருவன் எல்லா நாளையும் சரியாக எண்ணுகிறான், அவனவன் தன் மனதில் நிச்சயமாயிருக்கட்டும் என்று

கிரேஸ் அத்தை: எஸ்தர்!!

அப்பா: சரியாகச் சொன்னாய் எஸ்தர்

சாமுவேல் பெரியப்பா: தம்பியின் பயம் புதிதல்ல. ஐந்தாம் நூற்றாண்டில் லியோ என்ற போப் கிறிஸ்துமஸ் பிரசங்கத்திலேயே இதைக் கண்டித்தார். பேதுரு ஆலயத்தின் படிகளில் ஏறி, உள்ளே போகுமுன் சூரியன் பக்கம் திரும்பித் தலைவணங்கிய கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். படைப்பைக் கும்பிடாதீர்கள் என்றார். பண்டிகையை நிறுத்தச் சொல்லவில்லை.

தாமஸ் சித்தப்பா: கண்டித்தார் என்றால் தவறு நடந்தது என்றுதானே அர்த்தம்

சாமுவேல் பெரியப்பா: ஆமாம். நடந்தது. மறுக்கவில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

ரூத் அக்கா: சாமுவேல் மாமா, இரவு முழுவதும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே ஆஸ்திரேலியாவில் 21தான் மிக நீண்ட பகலையொட்டி வருகிறது. மாலை எட்டே முக்காலுக்குத்தான் சூரியன் மறைகிறது. 'இருளில் நடக்கிற ஜனங்கள் பெரிய வெளிச்சத்தைக் கண்டார்கள்' என்று வாசிக்கும்போது சன்னலெல்லாம் வெயில். அப்படியானால் எங்களுக்கு இந்த அடையாளம் இல்லையா?

சாமுவேல் பெரியப்பா: நல்ல கேள்வி மகளே. யோசிக்க வேண்டும்.

ஜெபா: பெரியப்பா யோசிக்க வேண்டும் என்று சொல்லி இன்றுதான் பார்க்கிறேன்

கிரேஸ் அத்தை: ரூத், போன மார்ச்சில் ஆச்சியை அடக்கம் பண்ணிய அன்று வெயில் எப்படி அடித்தது. அன்றைக்கு நமக்கு வெளிச்சமா இருந்தது?

ரூத் அக்கா: இல்லை அம்மா

கிரேஸ் அத்தை: அவ்வளவுதான். ஏசாயா சொன்ன இருளுக்கு வடக்கும் தெற்கும் கிடையாது

சாமுவேல் பெரியப்பா: கிரேஸ் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். யோவான் ஸ்நானகன் பிறந்த நாளைத் திருச்சபை ஜூன் 24-இல் வைத்தது. யோவானின் தாய் எலிசபெத்துக்கு ஆறாம் மாதம் என்று தூதன் மரியாளிடம் சொன்ன கணக்குப்படி. வடக்கே அப்போதிலிருந்து பகல் குறையத் தொடங்கும். கிறிஸ்து பிறப்பிலிருந்து பகல் வளரும். 'அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்' என்று யோவான் சொன்னதை அகுஸ்தீன் இந்த இரண்டு நாட்களோடு பொருத்திப் பிரசங்கித்தார். தெற்கே அது தலைகீழாக வரும். அதனால் அடையாளத்தை அடையாளமாகவே வைத்துக்கொள்வோம். சூரியன் சாட்சி மட்டுமே.

ரூத் அக்கா: சாட்சி. இது போதும் மாமா

எஸ்தர் சித்தி: அத்தான், ஞாயிறு யார் பாட்டுத் தொடங்குவது? போன முறை ஆளுக்கொரு சுருதியில் பாடினோம்

கிரேஸ் அத்தை: ஒருவர் பாடும்போது மற்றவர்கள் ஒலியை அணைத்து வைக்க வேண்டும். அண்ணா உட்பட

ஜெபா: கல்லறைக் கல்லில் எழுத வேண்டிய வசனத்தையும் அன்று முடிவு செய்யலாமா?

கிரேஸ் அத்தை: அதைத் தனியாகப் பேசுவோம். எனக்கு ஒரு வசனம் மனதில் இருக்கிறது

சாமுவேல் பெரியப்பா: எனக்கும் இருக்கிறது

அப்பா: தனியாகப் பேசுவோம்

டேனி அண்ணன்: நான் ஒன்று சொல்லலாமா? வட நார்வேயின் டிரோம்சோவில் எனக்கு இது இரண்டாவது குளிர்காலம். நவம்பர் கடைசியில் மறைந்த சூரியன் ஜனவரி நடுவில்தான் மறுபடி தலைகாட்டும். நண்பகலில் தெற்கு வானத்தில் கொஞ்சம் இளஞ்சிவப்பு, மேலே நீலம், இரண்டு மணி நேரத்தில் அதுவும் போய்விடும். அதன் பிறகு விளக்கில்லாமல் எழுத்து வாசிக்க முடியாது. போன ஆண்டு டிசம்பர் 21 எப்போது வந்தது, எப்போது போனது என்றே எனக்குத் தெரியவில்லை. 22-உம் அதே இருட்டு. 23-உம் அதே. ஆனால் சூரியன் திரும்பிவிட்டிருந்தது அப்பா. திரும்பிய பிறகும் மூன்று வாரத்துக்கு மேல் ஒருவர் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான்.

டேனி அண்ணன்: ஆச்சி போன பிறகு எனக்கு ஜெபமே வரவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அந்த மூன்று வாரத்தை நினைத்துத்தான் இப்போது மறுபடி முழங்காலில் நிற்கிறேன்.

கிரேஸ் அத்தை: டேனி

எஸ்தர் சித்தி: தம்பி, தினமும் உன் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறோம்

சாமுவேல் பெரியப்பா: மகனே, இன்று இரவு கூப்பிடுகிறேன்.

அப்பா: எனக்கும் அப்படித்தான் இருந்தது டேனி

டிசம்பர் 20, சனி

சாமுவேல் பெரியப்பா: மேற்கத்திய திருச்சபையில் டிசம்பர் 17 முதல் 23 வரை மாலை ஜெபத்தில் நாளுக்கு ஒரு சிறு மன்றாட்டு பாடுவார்கள். ஏழும் கிறிஸ்துவின் ஏழு பெயர்கள். 21-க்கு உரியது எது தெரியுமா? 'உதயமே, நித்திய ஒளியின் பிரகாசமே, நீதியின் சூரியனே, வாரும்' என்பது. இருட்டு மிகுந்த நாளில் விடியலைக் கூப்பிடுகிறார்கள். மல்கியா தீர்க்கதரிசி சொன்ன நீதியின் சூரியனும் லூக்கா முதல் அதிகாரத்தின் அருணோதயமும் அதில் சேர்ந்திருக்கின்றன.

கிரேஸ் அத்தை: அருணோதயம். அம்மாவுக்குப் பிடித்த சொல். அவர்கள் வேதபுத்தகத்தில் அந்த வசனத்துக்குக் கோடு போட்டிருப்பார்கள்

ஜெபா: அந்த வேதபுத்தகம் யாரிடம் இருக்கிறது அத்தை?

கிரேஸ் அத்தை: யாரிடம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அடக்கம் முடிந்த மறுநாளே எடுத்துக்கொண்டு போய்விட்டான்

எஸ்தர் சித்தி: மதினி, உங்கள் அம்மா தன் கையாலேயே கொடுத்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன்

கிரேஸ் அத்தை: எனக்குச் சொல்லவில்லையே

சாமுவேல் பெரியப்பா: இதை இங்கே வேண்டாம் கிரேஸ்.

சாமுவேல் பெரியப்பா: நாளை தாமசுக்கு 57 முடிகிறது. அன்றைய திருச்சபை நாட்காட்டியில் டிசம்பர் 21 அப்போஸ்தலன் தோமாவின் நாள். அதனால்தான் அப்பா அந்தப் பெயரை வைத்தார். ரோமத் திருச்சபை 1969-இல்தான் அதை ஜூலை 3-க்கு மாற்றியது. ஆண்டவர் உயிர்த்தெழுந்ததைச் சந்தேகப்பட்டவனுக்கு ஆண்டிலேயே இருண்ட நாளைக் கொடுத்திருந்தார்கள். 'என் ஆண்டவரே, என் தேவனே' என்று சொன்னவனும் அவன்தான்.

ரூத் அக்கா: தாமஸ் மாமா, நீங்கள் பிறந்தநாள் கொண்டாடுவதில்லை என்று தெரியும். ஆனாலும் வாழ்த்துகள்

டேனி அண்ணன்: வாழ்த்துகள் சித்தப்பா

(தாமஸ் சித்தப்பா ஒரு செய்தியை நீக்கிவிட்டார்)

(தாமஸ் சித்தப்பா ஒரு படம் அனுப்பியிருக்கிறார்)

ஜெபா: பெரிதாக்கிப் பார்த்தேன். லூக்கா முதல் அதிகாரம். பக்கத்தின் ஓரம் பழுத்துப்போயிருக்கிறது. 'உன்னதத்திலிருந்து தோன்றிய அருணோதயம் நம்மைச் சந்தித்திருக்கிறது' என்பதன் கீழே பென்சில் கோடு. ஓரத்தில் ஆச்சியின் கையெழுத்து, சாய்ந்த சிறிய எழுத்து. '21.12.1968 இரவு. மகன். இருவரும் பிழைத்தோம்.'

கிரேஸ் அத்தை: எனக்கு அப்போது ஆறு வயது. அம்மா பிழைக்க மாட்டார்கள் என்று சொல்லி எங்களைப் பக்கத்து வீட்டில் படுக்க வைத்தார்கள். அண்ணன்தான் விடிய விடிய என்னைத் தட்டிக்கொண்டிருந்தார்

சாமுவேல் பெரியப்பா: விடியவே இல்லை அன்று. அவ்வளவு நீளமான இரவை நான் கண்டதில்லை.

எஸ்தர் சித்தி: இத்தனை வருடத்தில் இதை இவர் எனக்குக் காட்டியதில்லை

கிரேஸ் அத்தை: தாமஸ், அது உன்னிடமே இருக்கட்டும்

சாமுவேல் பெரியப்பா: சரி, நேரத்தை முடிவு செய்வோம். 8.33.

ஜெபா: எட்டு மணிக்குக் கூடினால் பாட்டெல்லாம் முடிந்து 8.33-க்கு வசனம் வாசிக்கலாம்

தாமஸ் சித்தப்பா: எங்கள் சபைக் கூட்டம் 8.45-க்கு முடியும்

கிரேஸ் அத்தை: அப்படியானால் 9 மணி

சாமுவேல் பெரியப்பா: 8.33-ஐ விட்டுவிடுவதா?

கிரேஸ் அத்தை: சூரியன் காத்திருக்காது அண்ணா, தம்பிக்காக நாம் காத்திருக்கலாம்

எஸ்தர் சித்தி: அவர் வருவதாக இன்னும் சொல்லவில்லை மதினி

ரூத் அக்கா: எட்டா, எட்டரையா, ஒன்பதா? நான் அலாரம் வைக்க வேண்டும்

அப்பா: லூக்கா 1-ஐ ஆச்சியின் வேதபுத்தகத்திலிருந்து வாசிக்க வேண்டும்

தாமஸ் சித்தப்பா: எந்த வசனத்திலிருந்து?

அப்பா: 67

ரூத் அக்கா: நேரம்??