நோவாவின் பேழையில் எத்தனை ஜோடி?

கேள்வி: பெருவெள்ளத்திலிருந்து காக்க நோவா பேழையில் ஏற்றிய உயிரினங்கள், பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமம் 6:19-ல் ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி. 7:2-ல் ‘சுத்தமான’ (பலியிடத் தகுந்த) மிருகங்களில் ஏழேழு ஜோடி. ஒரே ஆள் எழுதியதா இது?

பதில் 1: இல்லை, இரண்டு மரபுகளைப் பின்னியிருக்கிறார்கள் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. ஒவ்வொரு மரபும் கடவுளை வேறு பெயரால் அழைக்கிறது; தமிழ் பைபிளிலேயே சோதிக்கலாம். ‘தேவன்’ வரும் இடங்களை ஒரு நிறத்திலும் ‘கர்த்தர்’ வரும் இடங்களை வேறு நிறத்திலும் கோடிடுங்கள். கர்த்தர் பகுதியில் ஏழேழு ஜோடி, 40 நாள் மழை. தேவன் பகுதியில் ஒரு ஜோடி, 150 நாள் வெள்ளம். பெயரை மட்டும் நம்பினால் 7:8-9-ல் சறுக்கும்: அங்கே ‘தேவன்’ இருந்தும் சுத்தம், அசுத்தம் என்ற பிரிவினை வருகிறது. தையல் தெரியும் இடம் 7:16: தேவன் கட்டளையிடுகிறார், கர்த்தர் கதவை அடைக்கிறார், ஒரே வசனத்தில்!

பதில் 2: ஏழு ஜோடிக்குக் காரணமும் உண்டு. 8:20-ல் நோவா சுத்தமான மிருகங்களைப் பலியிடுகிறார். ஒரே ஜோடி என்றால் அந்த இனமே அழிந்திருக்கும்.

பதில் 3: இந்தக் கதையின் வேர் மெசொப்பொத்தேமியாவில் (இன்றைய ஈராக் பகுதி). அங்கே உருவான கில்காமேஷ் காவியத்தின் வெள்ளக்கதை வரும் 11-ஆம் களிமண் பலகையை ஆய்வாளர் ஜார்ஜ் ஸ்மித் 1872-ல் லண்டனில் வாசித்துக் காட்டினார். அதில் வெள்ளம் வடிந்ததா என்று அறிய விடும் பறவைகள் புறா, தகைவிலான் குருவி, காகம் என்ற வரிசை. நோவா முதலில் விடுவது காகம். அதைவிடப் பழைய மெசொப்பொத்தேமிய வெள்ளக்கதையான அத்ரஹாசிஸ் பிரதியில் வெள்ளத்துக்குக் காரணம் பாவமல்ல, மனிதர்கள் போட்ட இரைச்சல். எனக்கு இந்த வேறுபாடுதான் ஒற்றுமைகளைவிட முக்கியம்.